ஜார்ஜ் பெஸ்ட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் என்ற இங்கிலாந்துக் கால்பந்து அணியின் ஆட்டங்களை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற கூட்டம் எங்களுடையது. இடைவேளையில் நான் ஜார்ஜ் பெஸ்டின் பழைய வீடியோ ஒன்றைப் போடுவேன். உடனே கேள்விகள் வரும். பல வருடமாக அதே கேள்விகள்தான். கேட்பவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த ஜார்ஜ் பெஸ்ட்? நான் பேரே கேள்விப்பட்டதில்லையே.

வட அயர்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரர். 1946 மே 22 அன்று பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். அப்பா டிக்கி, ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளி. அம்மா ஆன் நல்ல ஹாக்கி ஆட்டக்காரி. பையனுக்கு 15 வயதானபோது பாப் பிஷப் என்ற தேர்வாளர் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, 'ஒரு மேதையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்' என யுனைடெட் மேனேஜர் மேட் பஸ்பிக்குத் தந்தி அடித்தார்.

மான்செஸ்டருக்கு வந்த பையன் ஊர் நினைப்பு தாங்காமல் உடனே பெல்பாஸ்டுக்கே ஓடிப்போனான். அப்பா பேசிப் புரியவைத்துத் திருப்பி அனுப்பினார். 1963 செப்டம்பர் 14, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்கு எதிராக முதல் ஆட்டம். அப்போது வயது 17. 22 வயதில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது. யுனைடெட்டுக்காக மொத்தம் 470 ஆட்டங்கள், 179 கோல்கள்.

சரி, அப்படி என்னதான் செய்வார்? இப்போ ஆடுறவங்களை விடவா?

இதற்கு வாயால் பதில் சொல்வதைவிட ஒரு கோலைக் காட்டுவது சுலபம். 1970 அக்டோபர், லீக் கோப்பை, எதிரணி செல்சி. மைதானம் முழுக்கச் சேறு. பெஸ்ட் பந்தோடு கோலை நோக்கி ஓடுகிறார். ரான் ஹாரிஸ், 'சாப்பர்' என்றே பட்டப்பெயர் வாங்கிய முரட்டுத் தடுப்பாட்டக்காரர், பக்கவாட்டிலிருந்து பாய்ந்து காலை வெட்டுகிறார். அந்த அடிக்கு யாராக இருந்தாலும் விழுந்து ஃப்ரீ கிக் கேட்டிருப்பார்கள். பெஸ்டின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, கால் தடுமாறுகிறது, ஆனால் விழவில்லை. பந்தும் காலை விட்டுப் போகவில்லை. அடுத்து கோல்கீப்பர் பொனெட்டியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை உள்ளே தள்ளுகிறார். அதற்குப் பிறகுதான் முழங்காலில் விழுகிறார், அதுவும் கொண்டாட.

இரண்டு காலாலும் அடிப்பார், தலையாலும் கோல் போடுவார், பந்தைப் பறிக்கவும் இறங்குவார். விங்கர், அதாவது ஓரத்தில் ஆடுபவர், என்று எழுதியிருந்தாலும் மைதானம் முழுக்க இருப்பார். பின்னாலிருந்து காலை வாருவதை நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத காலம் அது. இன்றைய புல்தரையும் இன்றைய விதிகளும் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

'எல் பீட்டில்'னு ஏன் பேர் வந்தது?

1966 மார்ச் 9, லிஸ்பன். ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம். பென்ஃபிகா அந்தப் போட்டியில் சொந்த மைதானத்தில் அதுவரை தோற்றதே இல்லை. முதல் 20 நிமிடம் அடக்கி ஆடுங்கள் என்று பஸ்பி சொல்லி அனுப்பினார். 12 நிமிடம் ஆவதற்குள் பெஸ்ட் இரண்டு கோல் போட்டுவிட்டார். கடைசியில் 5-1. நீளமான கறுப்பு முடி, 19 வயது, பீட்டில்ஸ் பாட்டுகளுக்கு ஊரே மயங்கிக் கிடந்த நேரம். போர்ச்சுகல் பத்திரிகைகள் அவரை 'ஐந்தாவது பீட்டில்' என்றன. பெரிய வட்டத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் ஊர் திரும்பிய படம் இங்கிலாந்துப் பத்திரிகையில் 'எல் பீட்டில்' என்ற தலைப்போடு வந்தது, அந்தப் பேரே நிலைத்தது. அந்த வாரத்தோடு அவர் வெறும் ஆட்டக்காரர் என்ற நிலை முடிந்தது.

உலகக் கோப்பையில ஒரு மேட்ச் கூட ஆடாதவரைப் போய் இவ்வளவு பெருசாப் பேசுறீங்களே?

வட அயர்லாந்து சின்ன நாடு. அவர் உச்சத்தில் இருந்தபோது அவர்களுக்குத் தகுதிச்சுற்றைத் தாண்ட முடியவில்லை. 1966 உலகக் கோப்பைக்கு மிக நெருங்கி வந்தார்கள். அல்பேனியாவோடு அங்கே போய் 1-1 என்று சமன் செய்ததில் வாய்ப்பு கைவிட்டுப் போனது. 1982இல் வட அயர்லாந்து தகுதி பெற்றபோது பெஸ்டுக்கு 36 வயது, அணியில் இடம் கிடைக்கவில்லை. நாட்டுக்காக 37 ஆட்டம், 9 கோல், அவ்வளவுதான். உலகக் கோப்பை ஆடாதது அவருடைய குறை என்று நான் எண்ணியதே இல்லை.

1971இல் பெல்பாஸ்ட் விண்ட்சர் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் செய்ததைத் தேடிப் பாருங்கள். கோல்கீப்பர் கார்டன் பேங்க்ஸ் பந்தை உதைக்கக் கையிலிருந்து விடுகிறார். தரையைத் தொடுவதற்குள் பெஸ்ட் காலை நீட்டிப் பந்தை மேலே தட்டி, இருவரும் ஓட, தலையால் வலைக்குள் முட்டிவிடுகிறார். நடுவர் கோல் இல்லை என்று சொல்லிவிட்டார். ஊரே இன்னும் அதை கோல் என்றுதான் சொல்கிறது.

27 வயசுல ஆட்டம் முடிஞ்சதுன்னு சொல்றீங்க. ஆனா 1980கள்ல கூட எங்கேயோ ஆடியிருக்காரே?

இரண்டும் சரிதான். யுனைடெட்டுக்காகக் கடைசி ஆட்டம் 1974 ஜனவரி 1, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் 3-0 தோல்வி. அப்போது 27 வயது. ஒரு ஆட்டக்காரர் முழு பலத்துக்கு வரும் வயது அது. உயர்மட்ட ஆட்டம் அன்றோடு முடிந்தது என்பதுதான் அந்தப் பேச்சின் பொருள்.

அப்புறம் ஸ்டாக்போர்ட், லாஸ் ஏஞ்சலஸ் ஆஸ்டெக்ஸ், ஃபுல்ஹாம், ஃபோர்ட் லாடர்டேல், ஹைபெர்னியன், சான் ஹோசே, போர்ன்மவுத் என்று ஊர் ஊராக ஆடினார். சில இடங்களில் நன்றாகவே ஆடினார். 1981இல் சான் ஹோசேவுக்காக அவர் போட்ட ஒரு கோலில், பெனால்டி பகுதிக்கு முன்னால் நெருக்கி நிற்கும் கூட்டத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து ஒவ்வொருவராகக் கடந்து போகிறார். வயது 35. வேகம் போயிருந்தது. கால் எதையும் மறக்கவில்லை.

குடி எப்போ ஆரம்பிச்சது?

அவரே சொன்னபடி, கூச்ச சுபாவம் உள்ள பையன். நாலு பேர் நடுவில் பேச வருவதற்குக் குடி உதவியது. அன்றைய இங்கிலாந்தில் ஆட்டம் முடிந்தால் பப்புக்குப் போவது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வழக்கம், அதனால் யார் கண்ணிலும் அது உறுத்தவில்லை.

1968 மே 29, வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், மறுபடியும் பென்ஃபிகா. 90 நிமிடத்தில் 1-1. கூடுதல் நேரம் தொடங்கியதுமே பெஸ்ட் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி, கோல்கீப்பரையும் சுற்றிப் போய், ஆளில்லாத வலைக்குள் பந்தை உருட்டினார். 4-1 என்று வென்றார்கள். மியூனிக் விமான விபத்தில் தன் இளம் அணியைப் பறிகொடுத்த பஸ்பிக்கு 10 வருடம் கழித்துக் கிடைத்த கோப்பை அது. அன்று இரவு அவ்வளவு குடித்ததில் கொண்டாட்டம் எதுவுமே தனக்கு நினைவில் இல்லை என்று பெஸ்ட் பின்னாளில் சொன்னார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய இரவு அவரிடமே இல்லை. இதை முதல் தடவை படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது.

கிளப் என்ன பண்ணிட்டு இருந்தது? யாரும் தடுக்கலையா?

தடுத்தார்கள், அந்தக் காலத்துக்குத் தெரிந்த விதத்தில். அபராதம் போட்டார்கள், அணியிலிருந்து நிறுத்தினார்கள், பஸ்பி அறைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார். 1972 ஜனவரியில் ஒரு வாரம் பயிற்சிக்கே வராமல் போனபோது, அவர் சொந்தமாகக் கட்டியிருந்த வீட்டை விட்டுவிட்டு, சிறு வயதில் தங்கிய திருமதி ஃபுல்லவே வீட்டுக்கே திரும்பிப் போய்த் தங்கச் சொன்னார்கள். அந்தச் சொந்த வீடு பெரிய பெரிய கண்ணாடிச் சுவர்கள் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜனங்கள் கார் போட்டுக்கொண்டு வந்து வெளியே நின்று உள்ளே பார்ப்பார்களாம்.

அவருக்கு நோய் என்று யாரும் சொல்லவில்லை. ஒழுங்கு கெட்ட பையன் என்று நினைத்தார்கள். விளம்பரம், துணிக்கடை, இரவு விடுதி என்று எல்லாவற்றிலும் அவர் பெயர் ஓடியது. அந்த வயதில் அந்த அளவு புகழைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்க, அதற்கு முன் அப்படி ஒரு கால்பந்து ஆட்டக்காரரும் அந்த நாட்டில் இருந்ததில்லை.

குடி ஆட்டத்தைக் கெடுத்ததா, இல்ல டீம் கெட்டுப்போனதாலதான் குடிச்சாரா?

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் ஓடும் வாதம் இதுதான். 1968க்குப் பிறகு அந்த அணிக்கு வயதாகிவிட்டது. 1969இல் பஸ்பி விலகினார். பின்னால் வந்த மேனேஜர்கள் நிலைக்கவில்லை. 1974இல் யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கியது. 22 வயதில் எல்லாம் ஜெயித்தவர், பிறகு வருடா வருடம் சரியும் அணியைத் தோளில் சுமந்தார். தோற்பதை அவரால் தாங்க முடியவில்லை, அது குடியை வளர்த்தது என்று அவரும் சொல்லியிருக்கிறார்.

அதோடு, வட அயர்லாந்தில் கத்தோலிக்கத் தரப்பும் புராட்டஸ்டண்ட் தரப்பும் மோதிக்கொண்ட கலவர காலம். 1971 அக்டோபரில், நியூகாசிலில் ஆடினால் சுட்டுவிடுவோம் என்று மிரட்டல் வந்தது. அவர் ஆடினார், அன்றைய ஒரே கோலையும் போட்டார்.

என் கருத்தைக் கேட்டால், அணி சரிந்தது குடிக்கக் காரணம் கொடுத்தது. ஆனால் அதே அணியில் இருந்த மற்றவர்களும் தோற்றார்கள், அவர்கள் எல்லோரும் குடிநோயாளி ஆகவில்லை. நோய் ஏற்கெனவே உள்ளே இருந்தது, அதற்குச் சாக்கு கிடைத்தது என்றுதான் நினைக்கிறேன். என் சித்தப்பா இந்த நோயில் போனவர். அவருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது, அந்தந்த நாளில் அது உண்மையான காரணமாகவும் இருந்தது.

அந்த ஹோட்டல் பணியாளர் கதை உண்மையா?

தெரியாதவர்களுக்காக: ஒரு ஹோட்டலில் ரூம் சர்வீஸ்காரர் ஷாம்பேன் கொண்டுவருகிறார். கட்டிலில் சூதாட்டத்தில் ஜெயித்த பணம் பரப்பிக் கிடக்கிறது, கூட ஒரு உலக அழகி. பணியாளர் பெஸ்டைப் பார்த்து வருத்தத்தோடு, 'எங்கே தப்பாகப் போனது?' என்று கேட்கிறார். பெஸ்ட் மேடை மேடையாகச் சொல்லிச் சிரிக்கவைத்த கதை இது. பணத்தை எல்லாம் மதுவுக்கும் பெண்களுக்கும் கார்களுக்கும் செலவு செய்தேன், மிச்சத்தைத்தான் வீணடித்தேன் என்ற பேச்சும் அவர் பேரில் உலவுவதுதான்.

நானும் முன்பு இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவன். இப்போது சொல்வதில்லை. அந்தப் பணியாளரின் கேள்வி சரியான கேள்வி. சுற்றி இருந்த எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, அக்கறையோடு கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவங்க அம்மாவும் குடிச்சாங்களாமே. அப்போ பரம்பரையா வந்ததா?

அம்மா ஆன் நாற்பது வயது வரை மதுவைத் தொட்டதில்லை என்கிறார்கள். பிறகு பழக்கமாகி, அதிலேயே 1978இல் இறந்தார். மகனின் புகழால் வீட்டு வாசலில் எப்போதும் ஆட்கள், பத்திரிகைக்காரர்கள். தான் வீட்டைவிட்டு வந்ததும் தன்னால் வந்த தொல்லையும் அம்மாவைப் பாதித்தன என்ற குற்ற உணர்வு பெஸ்டுக்குக் கடைசிவரை இருந்தது.

குடிநோய்க்குக் குடும்பவழிச் சாய்வு உண்டு என்பது மருத்துவத்தில் உறுதியான விஷயம். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடும், வந்தே தீரும் என்று இல்லை. ஆகவே பரம்பரை மட்டுமே என்று சொல்ல முடியாது.

நிறுத்த முயற்சியே பண்ணலையா?

பல தடவை. அமெரிக்காவில் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். குடித்தால் உடம்பைப் புரட்டிப்போடும் மருந்து ஒன்று உண்டு. அது உடம்பில் இருக்கும்போது ஒரு வாய் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். அந்த மருந்தை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துக்கொண்டார், ஒரு முறை அல்ல, சில முறை. மனவுறுதி இல்லாத ஆள் என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குடிக்கக் கூடாது என்பதற்காகத் தன் உடம்பையே வெட்டித் தைக்கச் சம்மதித்தவர் அவர்.

இதற்கு நடுவில் மோசமான பக்கங்களும் உண்டு. 1984இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, போலீஸ்காரரைத் தாக்கியது ஆகியவற்றுக்காக மூன்று மாதச் சிறைத்தண்டனை. அந்தக் கிறிஸ்துமஸ் சிறையில்தான். மனைவிமாரும் மகனும் பட்ட கஷ்டம் தனி. அவர்மேல் உள்ள பிரியத்தில் இதை மூடி மறைக்க எனக்கு மனமில்லை.

கடைசியில எதனால இறந்தார்?

2002இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மாற்று உறுப்பை உடம்பு ஏற்க, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அதனால் சாதாரணத் தொற்றும் ஆபத்தாகும். 2005 அக்டோபரில் சிறுநீரகத் தொற்றோடு சேர்ந்தார், அது நுரையீரலுக்குப் போனது, பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. 2005 நவம்பர் 25, வயது 59.

இன்னொருத்தரோட கல்லீரலை வாங்கிட்டுத் திரும்பவும் குடிச்சாரே. அது பச்சைத் துரோகம் இல்லையா?

இதற்கு மட்டும் எனக்குச் சுலபமான பதில் கிடையாது. அடுத்த வருடமே குடித்தார், அது உண்மை. பிரிட்டனில் அன்று பெரிய கோபம் கிளம்பியது. உறுப்புக்காகக் காத்திருந்து இறந்தவர்களின் வீட்டார் அதைக் கேட்டு என்ன பாடுபட்டிருப்பார்கள்! அவர்கள் கோபத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. அறுவை சிகிச்சை கல்லீரலை மாற்றியது, நோயை மாற்றவில்லை. குடிநோய் இருந்த இடம் கல்லீரல் அல்ல. மேலே சொன்ன மருந்து, மையம், அம்மாவின் சாவு எல்லாவற்றையும் தாண்டி வந்த நோய் அது, ஒரு தையலோடு அடங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. துரோகம் என்றால் தெரிந்து, தேர்ந்து செய்வது. அவரிடம் தேர்வு எவ்வளவு மிச்சமிருந்தது என்று எனக்குச் சந்தேகம்.

குடிக்காம இருந்திருந்தா பெலே, மாரடோனா வரிசையில வந்திருப்பாரா?

பெல்பாஸ்டில் ஒரு சொலவடை உண்டு: 'மாரடோனா குட், பெலே பெட்டர், ஜார்ஜ் பெஸ்ட்.' அவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது.

எனக்கு, 17 வயதிலிருந்து 25 வரை அவர் ஆடியதே ஒரு முழு வாழ்க்கை. இரண்டு லீக் பட்டம், ஒரு ஐரோப்பியக் கோப்பை, 1970இல் நார்த்தாம்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல். நடுவர் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டதற்காகப் பல வாரம் தடையில் இருந்துவிட்டு வந்து ஆடிய முதல் ஆட்டம் அது! வீணாய்ப் போனவர் என்று மொத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. நாம் இழந்தது 28 வயது பெஸ்ட், 30 வயது பெஸ்ட். அவர் எப்படி ஆடியிருப்பார் என்பதைக் கற்பனை செய்யத்தான் முடியும்.

அவரை நினைக்கும்போது குடியைப் பத்திப் பேசாம இருக்கறதுதானே மரியாதை?

அவர் அப்படி நினைக்கவில்லை. இறப்பதற்குச் சில நாள் முன்னால், உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, குழாய்களோடு படுக்கையில் கிடந்த தன் படத்தைப் பத்திரிகையில் போடச் சொன்னார். 'என்னைப் போலச் சாகாதீர்கள்' என்ற வார்த்தையோடு அது வந்தது. அழகுக்காகவே படம் எடுக்கப்பட்ட முகம் அது. ஆகவே எங்கள் கூட்டத்தில் இரண்டையும் பேசுகிறோம். ஆனால் குடிகாரன் என்ற சொல்லை விட்டுவிட்டோம். மறுவாழ்வு மையக்காரர்கள் சொல்கிற மாதிரி குடிநோயாளி என்கிறோம்.

டிசம்பர் 3 அன்று பெல்பாஸ்டில் மழையில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு லட்சம் பேர் அளவுக்குக் கூடினார்கள். எதிரெதிராய் நின்ற இரண்டு தரப்பு ஜனங்களும் ஒரே சாலையில் நின்றார்கள். ரோஸ்லான் மயானத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பெல்பாஸ்ட் நகர விமான நிலையத்துக்கு இப்போது அவர் பேர். யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபர்டு வாசலில், கூட ஆடிய டெனிஸ் லா, பாபி சார்ல்டனோடு சிலையாக நிற்கிறார்.

அதற்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 30 அன்று, ஓல்ட் டிராஃபர்டில் ஏற்கெனவே குறித்து வைத்திருந்த லீக் கோப்பை ஆட்டம் ஒன்று இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் அரங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் அவருடைய இளவயதுப் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். எதிரணி வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன். 1963இல் அவருடைய முதல் ஆட்டத்தில் ஆடிய சிலர், இரு அணிகளிலிருந்தும், தலை நரைத்துப்போய் அந்த மைதானத்துக்கு வந்திருந்தார்கள்.